அத்தியாயம் 4: எந்தச் சாமானை எந்தக் கடையில் வாங்குவது?

அத்திப்பட்டுப் பக்கம் குடியிருக்கும் குடும்பத்துக்கு மளிகை வாங்க நாலு வழி உண்டு. ஒன்று ரேஷன் கடை. இரண்டாவது தெருமுனை அண்ணாச்சி கடை. மூன்றாவது மீஞ்சூர், பொன்னேரி பஜார்களில் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கும் பெரிய மளிகைக் கடைகள். நாலாவது, ரயிலோ பஸ்ஸோ ஏறிப் போகவேண்டிய சூப்பர் மார்க்கெட்டும் தள்ளுபடிக் கடையும்.

இதில் எங்கே மலிவு என்று விசாரித்தால் ஆளுக்கொரு பதில் வரும். அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவர் அண்ணாச்சி கடைதான் என்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிறவர் மாதம் ஒருமுறை தள்ளுபடிக் கடையில் டிராலி நிறைய அள்ளிவந்தால்தான் கட்டுப்படியாகும் என்பார். இருவர் சொல்வதும் ஏதோ சில சாமான்களுக்கு உண்மை. எல்லாச் சாமானையும் மலிவாக விற்கும் கடை எந்த ஊரிலும் கிடையாது. ஆகவே கடையை விட்டுவிட்டுச் சாமானை ஒப்பிட வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது?

பெரிய கடைகளில் தள்ளுபடியை எம்.ஆர்.பி.யில் இருந்து கழித்துக் காட்டுவார்கள். எம்.ஆர்.பி. என்பது தயாரிப்பாளர் பேக்கெட்டில் அச்சிடும் அதிகபட்ச விலை. வரியெல்லாம் அதற்குள் அடக்கம். அதைத் தாண்டி விற்கக்கூடாது, குறைத்து விற்கத் தடையில்லை. 200 ரூபாய் என்று அச்சிட்டு 140க்குத் தந்தால் 30 சதவீதத் தள்ளுபடி. 150 என்று அச்சிட்டு 138க்குத் தந்தால் 8 சதவீதம்தான். ஆனால் இரண்டாவதுதான் மலிவு. பலகையில் உள்ள சதவீதத்தைப் படிக்காமல், பில்லில் விழப்போகும் தொகையை மட்டும் பாருங்கள்.

உண்மையான விலைக்குறைப்பு கடையின் செலவைக் குறைப்பதில் இருந்து வருகிறது. ஜெர்மனியின் ஆல்டி இதற்குப் பழைய உதாரணம். சாமான் வகைகள் குறைவு, சொந்தப் பிராண்டுகள் அதிகம், அட்டைப்பெட்டியோடு அப்படியே அடுக்கி விற்பது என்று அந்தக் கடை வளர்ந்தது. நம் நாட்டில் 2002ல் மும்பை பவாயில் தொடங்கிய டிமார்ட், பெரும்பாலும் சொந்தக் கட்டடத்தில் கடை நடத்தி வாடகையை மிச்சம் பிடிக்கிறது. சரக்கு தருபவருக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து விலையைக் குறைத்து வாங்குகிறது.

சென்னைக்காரர்களுக்கு இந்த முறையை முதலில் பழக்கியது சுபிக்ஷா. 1997ல் திருவான்மியூரில் ஒரு கடையாகத் தொடங்கியது. ஏ.சி. இல்லை, அலங்காரம் இல்லை, எம்.ஆர்.பி.யை விடக் குறைந்த விலை. நாடு முழுக்க 1,600 கடை அளவுக்குப் பரவியபின், கையில் பணம் வற்றி 2009ல் மொத்தமாக மூடப்பட்டது. அதையே நம்பியிருந்தவர்கள் மறுபடி தெருக்கடைக்குத்தான் வந்தார்கள். பெரிய கடை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அண்ணாச்சி கடைக் கணக்கை முழுசாக முறித்துக்கொள்ள வேண்டாம்.

அண்ணாச்சிக்கும் தனிக் கணக்கு உண்டு. வீட்டு ஆட்களே கல்லாவில் உட்கார்கிறார்கள், ஏ.சி. கரண்ட் பில் கிடையாது. கொத்தவால் சாவடியில் பருப்பும் மசாலா சாமானும், செங்குன்றத்து மண்டியில் அரிசியும் மூட்டையாக எடுத்துப் பிரித்து விற்கிறார். அதனால் உதிரியாக அளந்து வாங்கும் சாமானில் அவரால் பெரிய கடைக்கு ஈடுகொடுக்க முடிகிறது. சோப்பு, பற்பசை, டப்பாவில் வரும் சத்து மாவு போன்ற கம்பெனிச் சரக்கில் முடிவதில்லை. அதை லாரிக் கணக்கில் வாங்குகிறவருக்குத்தான் கம்பெனி கூடுதலாகக் குறைத்துக் கொடுக்கும்.

அளவுகோல் ஒன்றுதான்: கிலோ விலை

ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கெட்டிச் சாமானுக்குக் கிலோ, திரவத்துக்கு லிட்டர், எண்ணெய்க்கு மட்டும் கிலோ. பேக்கெட் அளவுகளுக்கு முன்பு ஒரு வரையறை இருந்தது. 2022ல் அந்த விதி மாறி, கம்பெனி விரும்பிய எடையில் அடைக்கலாம் என்றானது. அதற்கு ஈடாக, அலகு விலையை அச்சிட வேண்டும் என்ற விதி வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பேக்கெட்டில் கிராமுக்கு இவ்வளவு என்றும், கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்றும் எம்.ஆர்.பி. பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். ஆஸ்திரேலியாவில் பெரிய கடைகள் 2009 டிசம்பர் முதல் இதை அலமாரியிலேயே எழுதி வைக்கின்றன. இங்கே பேக்கெட்டைத் திருப்பித் தேடிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்ப் பாக்கெட்டில் இதன் அவசியம் நன்றாகத் தெரியும். ஒரு லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம். பக்கத்திலேயே அதே உயரத்தில், அதே பளபளப்பில் 850 கிராம் பாக்கெட் நிற்கும். லிட்டர் 150 ரூபாய், 850 கிராம் 143 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். (இந்த அத்தியாயத்தில் வெளிக்கடை விலைகள் எல்லாம் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, உங்கள் ஊரின் அன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) பார்வைக்கு 7 ரூபாய் லாபம். வகுத்தால் முதலாவது கிலோ 165 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது 168க்கு மேல். விலை குறைந்த பாக்கெட்டில்தான் எண்ணெய் விலை அதிகம். எண்ணெயை எப்போதும் கிராமில் ஒப்பிடுங்கள். லிட்டரையும் கிராமையும் கலந்தால் கணக்கு தப்பும்.

பெரிய பேக்கெட் என்றாலே மலிவு என்பதும் இல்லை. ஷாம்பூ இதற்கு நேர் எதிர். கடலூர் சின்னிகிருஷ்ணன் சாஷேயில் அடைத்து விற்ற காலத்தில் இருந்து, நம் ஊரில் சின்ன உறைதான் மலிவு. ஒரு ரூபாய் உறையில் 5 மில்லி இருந்தால் மில்லி 20 பைசா. 180 மில்லி பாட்டில் 120 ரூபாய் என்றால் மில்லி 66 பைசாவுக்கு மேல். பாட்டிலை எடுப்பதற்கு முன் அதே பிராண்டின் சரம் தொங்குகிறதா என்று பாருங்கள்.

அரிசி: 25ஆ, 26ஆ?

மாதச் செலவில் பெரிய தொகை அரிசிக்குத்தான் போகிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை முன்கூட்டியே அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்பு, மாவுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. 25 கிலோவைத் தாண்டினால் இல்லை. அதனால்தான் கடைகளில் 26 கிலோ சிப்பம் வந்தது. திறந்த மூட்டையில் இருந்து உதிரியாக அளந்து போடும் அரிசிக்கும் வரி இல்லை.

ஒரே ரகப் பொன்னி 26 கிலோ சிப்பம் 1,430 ரூபாய் என்றால் கிலோ 55. பெரிய கடையில் 25 கிலோ பை 1,400 என்றால் கிலோ 56. அங்கேயே 5 கிலோ பை 310 என்றால் கிலோ 62. மாதம் 25 கிலோ பிடிக்கும் வீட்டில் ஐந்து கிலோப் பைகளாக வாங்கினால் சிப்பத்தை விட 175 ரூபாய் அதிகம் போகும்.

விலையோடு அரிசியின் வயதையும் கேளுங்கள். ஒரு வருடம் பழையது சோறு காணும். புது அரிசி குழையும். செங்குன்றத்து ஆலைகளும் மண்டிகளும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து ஒரே ரகத்தில் நாலைந்து சிப்பம் எடுத்தால், வண்டிக்கூலி போகவும் மிஞ்சும்.

பெயர் ஒன்று, தரம் வேறு

துவரம்பருப்பு என்ற ஒரே பெயரில் நாட்டுத் துவரையும் வரும், பர்மாவில் இருந்தும் ஆப்பிரிக்காவில் இருந்தும் இறக்குமதியானதும் வரும். வேகும் நேரமும் ருசியும் வேறு, விலையும் வேறு. தரம் ஒன்றாக இருந்தால்தான் விலையை ஒப்பிடுவதில் அர்த்தம் உண்டு. கண்ணால் பார்த்து முடியாதபோது கால் கிலோ வாங்கிச் சமைத்துப் பாருங்கள்.

உளுந்தில் இது நேரடியாகப் பணக் கணக்கு. உருட்டு உளுந்து ஒரு கடையில் கிலோ 140, இன்னொன்றில் 120. நாலு ஆழாக்கு இட்லி அரிசிக்கு ஓர் ஆழாக்கு என்பது பலர் வீட்டுக் கணக்கு. ஆனால் நல்ல உளுந்து மாவு காணும், குறைவாகப் போட்டாலே போதும். ஒரு கிலோ அரிசிக்கு அது 200 கிராம் பிடித்து, மட்டமானது 250 கிராம் பிடித்தால் முதலாவதுக்கு 28 ரூபாய், இரண்டாவதுக்கு 30 ரூபாய். 140 ரூபாய் உளுந்துதான் மலிவு. அரிசி, உளுந்து, மிளகாய், புளி நாலிலும் இப்படிச் சமையலறைக் கணக்கு ஒன்று போட்டுவிட வேண்டும்.

ரேஷனை முதலில் கழியுங்கள்

பட்டியல் எழுதும்போது முதல் வேலை, ரேஷனில் கிடைப்பதை அதில் இருந்து கழிப்பது. தமிழ்நாட்டில் அரிசிக் குடும்ப அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சாதாரண அட்டைக்குச் சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிக்கடையில் துவரம்பருப்பை நூறு ரூபாய்க்குக் கீழே பார்ப்பது அபூர்வமாகிவிட்டது. அந்த ஒரு கிலோவில் கிடைக்கும் மிச்சத்தைத் தள்ளுபடிக் கடையில் எடுக்க வேண்டுமானால் எத்தனையோ சாமான் வாங்கியாக வேண்டும்.

ரேஷன் அரிசி சோற்றுக்குப் பிடிக்காத வீட்டிலும் இட்லி, தோசை மாவுக்கு அது நன்றாகவே உதவும். சில மாதம் துவரைக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு வரும். சீக்கிரம் வெந்துவிடும், கூட்டுக்கும் பொரிச்ச குழம்புக்கும் வைத்துக்கொள்ளலாம். உப்பு, டீத்தூள் என்று கூடவே விற்கும் மற்றவற்றை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போடாத சாமானுக்குப் போட்டதாக மொபைலில் மெசேஜ் வந்தால் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

சிப்காட்டிலும் துறைமுகப் பக்கமும் வேலை பார்க்கும் வடமாநிலத் தொழிலாளிகள் உங்கள் வீட்டில் குடியிருந்தால், இதை அவர்களுக்கும் சொல்லுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிகார், ஒடிசா அட்டையில் பெயர் இருப்பவர் தனக்குரிய அரிசி, கோதுமையை இங்கேயே கைரேகை வைத்து வாங்கலாம். மாநில அரசு தரும் பருப்பும் பாமாயிலும் அந்த அட்டைக்கு வராது.

விலை நோட்டு

ஒரு சின்ன நோட்டில் பக்கத்துக்கு ஒரு சாமான். உங்கள் வீட்டில் மாதந்தோறும் தவறாமல் வாங்கும் பதினைந்து இருபது சாமான் போதும். தேதி, கடை, எடை, கொடுத்த தொகை, கிலோ விலை என்று ஐந்து கட்டம். பழைய பில்களில் இருந்தே முதல் வரிகளை நிரப்பலாம். மூன்று மாதத்தில் ஒவ்வொரு சாமானுக்கும் நியாய விலை எது என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு, கடை வாசலில் தொங்கும் ஆஃபர் பலகை நிஜமா வெறும் சத்தமா என்று நோட்டே சொல்லிவிடும்.

பதினைந்து இருபது சாமானாவது வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. சர்க்கரை, எண்ணெய், துவரம்பருப்பு மாதிரிச் சிலவற்றின் விலை எல்லோருக்கும் மனப்பாடம். கடைக்காரர்கள் அதில் லாபத்தைச் சுருக்கி ஆளை உள்ளே வரவழைப்பார்கள். சோம்பு, பட்டை, கிராம்பு, முந்திரி, திராட்சை, அப்பளம் இவற்றின் விலை யாருக்கும் ஞாபகம் இருக்காது. விட்டதை அங்கே பிடிப்பார்கள். சர்க்கரையையும் எண்ணெயையும் மட்டும் வைத்து ஒரு கடையை மலிவு என்று முடிவுகட்டினால் பில்லின் கடைசி வரி வேறு கதை சொல்லும்.

பழைய வரிகளைக் காலத்தோடு சேர்த்துப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22ல் குளியல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18ல் இருந்து 5 சதவீதமாகவும், நெய், வெண்ணெய்க்கு 12ல் இருந்து 5 ஆகவும் குறைந்தது. அதற்கு முன் எழுதிய விலையோடு ஒப்பிட்டால் இன்றைய விலை எல்லாமே மலிவாகத்தான் தெரியும். அந்தத் தேதியில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே புதிதாகத் தொடங்குங்கள்.

வருஷச் சாமானுக்கு நோட்டில் தனிப் பக்கம் வையுங்கள். புதுப் புளியும் காய்ந்த மிளகாயும் மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும். மஞ்சள் தை, மாசியில் வரும். அந்தச் சமயம் கொத்தவால் சாவடி போய் வருஷத்துக்கும் எடுத்து, வெயிலில் காயவைத்து டப்பாவில் அடைத்துவிட்டால் மழைக்கால விலையைப் பற்றிக் கவலை இல்லை. புறநகர் ரயிலில் சென்ட்ரல் இறங்கினால் கிட்டத்தில்தான் இருக்கிறது. காலை நெரிசலில் மூட்டையோடு ஏற முடியாது என்பதால் மதிய ரயிலாகப் பார்த்துத் திரும்புங்கள்.

போய்வரும் செலவு

மாதச் சாமான் 4,000 ரூபாய்க்கு வருகிறது. தொலைவில் உள்ள தள்ளுபடிக் கடையில் மொத்தத்தில் 8 சதவீதம் குறைவு. மிச்சம் 320. போக வர இருவருக்கு டிக்கெட், திரும்பும்போது ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு ஆட்டோ எல்லாம் சேர்த்து 150. பட்டியலில் இல்லாத பிளாஸ்டிக் டப்பா, பிள்ளைகள் கேட்ட சாக்லெட், சிப்ஸ் என்று 200. கணக்கு 30 ரூபாய் நஷ்டத்தில் முடிகிறது, ஓய்வுநாளும் போய்விடுகிறது.

அதற்காகப் போகவே வேண்டாம் என்றில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும் நாளில் சேர்த்துப் போங்கள். சோப்பு, சோப்புத்தூள், பற்பசை, நாப்கின், டயப்பர் மாதிரிக் கெடாத கம்பெனிச் சாமானை மூன்று மாதத்துக்கு எடுங்கள். அரிசி, எண்ணெய், பருப்பு மாதிரிக் கனமானதைச் சுமந்துவர வேண்டாம். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் முடிவுத் தேதியைப் பாருங்கள். இரண்டாவதைத் தீர்ப்பதற்குள் தேதி முடிந்தால் இலவசம் குப்பைக்குத்தான். துணிப்பை கையில் இருக்கட்டும், கவுண்டரில் பைக்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.

அண்ணாச்சியிடம் கேட்கும் முறை

பெரிய கடையில் பேரம் கிடையாது. தெருக்கடையிலும் மீஞ்சூர் பஜாரிலும் உண்டு, ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். கணக்கு நோட்டில் எழுதி அடுத்த மாதம் கொடுப்பவருக்கு ஒரு விலை, கையில் காசு கொடுப்பவருக்கு ஒரு விலை என்பது பல கடைகளில் சொல்லாத வழக்கம்.

“அண்ணாச்சி, நோட்டுல எழுத வேணாம், இப்பவே காசு தர்றேன். உளுந்து அஞ்சு கிலோ எடுத்தா என்ன போடுவீங்க?”

“கிலோவுக்கு நாலு ரூபா குறைச்சுக்குங்கம்மா. இட்லி அரிசியும் சேத்து எடுத்தீங்கன்னா அதுலயும் பாத்துப் போடுறேன்.”

எடையைச் சொல்லி, ரொக்கத்தைச் சொல்லி, பிறகு விலையைக் கேட்க வேண்டும். வெறுமனே குறைச்சுக் கொடுங்க என்றால் அவருக்கும் பதில் இருக்காது. சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் கடன் தருவது இந்தக் கடைதான். அந்த வசதிக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாலும் வட்டிக்கு வாங்குவதை விட மேல்.

பட்டியலை நாலாகப் பிரியுங்கள்

ரேஷன்: அரிசி, துவரம்பருப்பு, பாமாயில், சர்க்கரை, கோதுமை. மாத முதலிலேயே வாங்கிவிடுங்கள். என்ன கிடைத்தது என்று தெரிந்தால்தான் மீதிப் பட்டியலை எழுத முடியும்.

மீஞ்சூர், பொன்னேரி, செங்குன்றம்: அரிசிச் சிப்பம், இட்லி அரிசி, உளுந்து, கூடுதல் பருப்பு, எண்ணெய். சம்பளம் வந்த வாரத்தில் ரொக்கத்துக்கு.

தள்ளுபடிக் கடை: கம்பெனிச் சாமான், துப்புரவுச் சாமான், முந்திரி திராட்சை விலை நோட்டோடு ஒத்துப்போனால் அவையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

அண்ணாச்சி: கடுகு, சீரகம், வெந்தயம் மாதிரி நூறு கிராம் சாமான், தீர்ந்துபோனவை, திடீர்த் தேவை.

ஆவின் பாலுக்கு அச்சிட்ட விலைதான், எங்கும் அலைய வேண்டாம். காய்கறிக்கு அடுத்த அத்தியாயம் இருக்கிறது.

காசு கொடுக்கும் முன்

எலக்ட்ரானிக் தராசில் தட்டு காலியாக இருக்கும்போது பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போட வேண்டும்; அந்தச் சான்று கடையில் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். கடையே அடைத்து வைத்த பருப்புப் பேக்கெட்டிலும் எடை, விலை, அடைத்த தேதி வேண்டும். பெரிய கடையில் அலமாரி விலையும் பில் விலையும் வேறாக இருப்பது உண்டு. கவுண்டரை விட்டு நகர்வதற்குள் பில்லை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படியுங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலும் எடை குறைந்தாலும் பில்லோடு தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் தரலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இந்த மாதம் இதையெல்லாம் ஒரேயடியாகச் செய்ய வேண்டாம். வீட்டில் இருக்கும் கடைசி இரண்டு மளிகைப் பில்லை எடுங்கள். அதிகத் தொகை போன ஐந்து சாமானுக்கு மட்டும் கிலோ விலை போட்டு, அடுத்தமுறை இன்னொரு கடையில் அதே ஐந்தையும் விசாரியுங்கள். அரிசியிலும் எண்ணெயிலும் வித்தியாசம் தெரிந்துவிட்டால், மீதி வரிகளை நிரப்ப உங்களுக்கே கை வரும்.